நகர மண்டல விதிகளில் மாற்றம்: மக்களின் ஆட்சேபணைக்கு என்ன மதிப்பு?

ஒரு தெருவில் வீடுகள் மட்டும் இருக்க வேண்டுமா, கடைகளும் வரலாமா, கட்டடம் எவ்வளவு உயரலாம் என்பனவற்றைத் தீர்மானிப்பவை நகரின் மண்டல விதிகள். இவற்றை மாற்றும் முன் வரைவை வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது நகரத் திட்டமிடல் சட்டங்களின் பொது விதியாகும். அவ்வாறு எழுதி அளிக்கப்படும் கருத்துகளால் பயன் உண்டா?

திரும்பப் பெறப்பட்ட வரைவு

மும்பை மாநகராட்சி, 2034-ஆம் ஆண்டு வரைக்குமான வளர்ச்சித் திட்ட வரைவை 2015 பிப்ரவரியில் வெளியிட்டது. தளப்பரப்புக் குறியீட்டைச் சில இடங்களில் 8 வரை உயர்த்த அது முன்மொழிந்தது. அதாவது, 1,000 சதுர மீட்டர் மனையில் 8,000 சதுர மீட்டர் வரை கட்டலாம். அதுவரை அடிப்படைக் குறியீடு தீவு நகரில் 1.33 ஆகவும், புறநகரில் 1 ஆகவும் இருந்தது.

வரைபடத்தில் இருந்த பிழைகளும் எதிர்ப்பைக் கூட்டின. மக்கள் குடியிருக்கும் கட்டடங்களின் மீது சாலைகள் குறிக்கப்பட்டிருந்தன. பாரம்பரியக் கட்டடங்கள் சில விடுபட்டிருந்தன. ஆயிரக்கணக்கான ஆட்சேபணைகள் குவிந்ததை அடுத்து, வரைவைத் திருத்தி மீண்டும் வெளியிட மாநில அரசு 2015 ஏப்ரலில் உத்தரவிட்டது. 2016-இல் புதிய வரைவு வெளியாகி, மீண்டும் கருத்துக் கேட்கப்பட்டு, 2018-இல் ஒப்புதல் பெற்றது.

தில்லியில் 33,000 கருத்துகள்

தில்லி வளர்ச்சி ஆணையம் 2041-ஆம் ஆண்டுக்கான பெருந்திட்ட வரைவை 2021 ஜூனில் வெளியிட்டது. கருத்தளிக்க முதலில் 45 நாள் அவகாசம் தரப்பட்டது. பின்னர் அது 75 நாளாக நீட்டிக்கப்பட்டது. சுமார் 33,000 ஆட்சேபணைகளும் ஆலோசனைகளும் வந்தன. விசாரணைக் குழு அவற்றைக் கேட்ட பின், 2023 பிப்ரவரியில் ஆணையம் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இறுதி முடிவெடுக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் உள்ளது.

எத்தகைய கருத்து எடுபடும்?

கருத்துகளைப் பரிசீலிக்க அதிகாரிகள் கடமைப்பட்டவர்கள். ஆனால், ஏற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள் அல்லர். எனவே, 'இத்திட்டம் வேண்டாம்' என்ற ஒரு வரியைவிட, சான்றுடன் கூடிய மனுவே வலுவானது. மனையின் சர்வே எண், வரைபடத்தில் உள்ள குறியீடு, தற்போதைய பயன்பாடு, சாலையின் அகலம், குடிநீர் மற்றும் கழிவுநீர் வசதி, கோரும் திருத்தம் ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். நேரில் விளக்க வாய்ப்புக் கேட்பதும், மனு பெற்றதற்கான ஒப்புகையைப் பாதுகாப்பதும் அவசியம்.

மிக முக்கியமானது காலக்கெடு. அது கடந்த பின் எஞ்சுவது பெரும்பாலும் நீதிமன்றமே. அங்கும் திட்டம் நல்லதா என்பதைவிட, சட்ட நடைமுறை பின்பற்றப்பட்டதா என்பதே முதன்மையாக ஆராயப்படும். வரைபடத்தில் தம் தெரு எந்த நிறத்தில் உள்ளது என்பதை அறிவிப்பு வெளியான வாரத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.