ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்

டிராக்டரையும் மருந்துத் தெளிப்பான்களையும் கழுவுவதற்காக உறுப்பினர் பணத்தில் வாங்கிய பிரஷர் வாஷர் ஒன்று, ஒரு விவசாய சேவைச் சங்கத்தின் கிடங்கு மூலையில் சாக்குப் போர்த்திக் கிடந்ததை நாம் இருப்புச் சரிபார்ப்பின்போது கண்டோம். பதிவேட்டில் அதற்கு நேரே ‘பழுது, கழித்துவிடலாம்’ என்று எழுதியிருந்தது. காரணம் வினவினோம். ஹோஸ் மாற்றிய நாள்முதல் இணைப்பில் நீர் பீறிடுகிறதென்றும், வெள்ளை டேப் இரண்டு சுருள் சுற்றியும் பயனில்லையென்றும் செயலாளர் கூறினார்.

இயக்கிக் காட்டச் சொன்னோம். கசிவு எங்கே என்று காட்ட ஊழியர் விரலை நீட்டினார். நாம் அவர் கையைப் பற்றி இழுத்துவிட்டோம். 100 பார், அதாவது காற்றுமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ நூறு மடங்கு அழுத்தத்தில், ஊசிபோல் வரும் நீர் தோலைத் துளைத்துச் சதைக்குள் பாயும். வெளியே தெரிவது முள் குத்திய அளவுதான். வலி குறைவாயிருப்பினும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய காயம் அது. பொறியை நிறுத்தி, குழாயை அடைத்து, துப்பாக்கி விசையை அழுத்தி உள்ளிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே இணைப்பில் கை வைத்தல் வேண்டும்.

அவ்வாறு செய்து, அருகிலிருந்த லேத் பட்டறையில் வெர்னியர் இரவல் வாங்கி அளந்தோம். இரு பக்கமும் 22 மில்லிமீட்டர் மரை. மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர். பொருத்தம் சரிதான். ஆனால் ஹோஸின் நடுவிலுள்ள முளை 14 மில்லிமீட்டர். பொறியில் அது நுழையும் துளையோ 15. இவ்விரு அளவுகளும் சந்தையில் உண்டு. மரை ஒன்றாகையால் கண்ணை ஏமாற்றும். 15 முளை 14 துளையில் நுழையாது. 14 முளை 15 துளையில் எளிதில் நுழைந்து ஒழுகும். இவ்வகை இணைப்பில் மரையின் வேலை பிடித்துக்கொள்வது மட்டுமே. நீரை அடைப்பது முளையின் மேலுள்ள ரப்பர் வளையம். ஆகவே மரைமேல் எத்தனை சுருள் டேப் சுற்றினாலும் வீணே.

டேப்புக்குரிய இடம் வேறு. நுனி நோக்கிச் சரிந்து செல்லும் கூம்பு மரை அது. அங்கே மரையே இறுகி அடைக்கிறது. அதிலும் ஒரு மயக்கம் உண்டு. நம் நாட்டுக் குழாய் மரை, 1841-இல் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த 55 பாகைக் கோணத்தைக் கொண்டது. அமெரிக்க மரைக்கு 60 பாகை. அரை அங்குலக் குழாயில் இரண்டுக்கும் அங்குலத்திற்கு 14 மரை என்பதால் ஒன்று மற்றொன்றில் ஏறிவிடும், ஆனால் ஒழுகும். கால் அங்குலத்தில் 19, 18 என வேறுபடுவதால் சில சுற்றிலேயே சிக்கிக்கொள்ளும். அப்போது ஸ்பேனர் போட்டு முறுக்குவோர் பித்தளைத் தலையைப் பிளந்துவிடுவர்.

டேப்பை முறுக்கும் திசையிலேயே சுற்றி, முதல் மரையை வெறுமையாக விடவேண்டும். பிய்ந்த துணுக்கு நாசில் துளையை அடைத்துக்கொள்ளும். தொட்டியிலிருந்து நீர் உறிஞ்சும் பக்கத்தில் கசிவிருந்தால் நீர் வெளியே சொட்டாது. காற்று உள்ளே புகும், பம்பு விட்டு விட்டுத் துடிக்கும். சாயப்பட்டறைத் தொட்டிகளைக் கழுவும் நெசவாளர் சங்கங்கள் இதைக் கவனிக்க.

அச்சங்கத்திற்கு வேண்டியிருந்தது, ஒரு பக்கம் 15 முளையும் மறுபக்கம் 14 துளையும் கொண்ட பித்தளை இணைப்பானும் ஒரு புதிய வளையமும்தான். அடுத்த வருகையில் பொறி ஓடிக்கொண்டிருந்தது. பதிவேட்டில் ‘கழித்துவிடலாம்’ என்பதை அடித்து, ‘துளை 15’ என்று செயலாளர் தம் கைப்பட எழுதியிருந்தார்.