மின்சார மீட்டரும் மின்காந்த இடையூறும்

கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில் பாறசாலையைக் கடந்தால், களியக்காவிளையில் தமிழ்நாடு தொடங்குகிறது. 1956 நவம்பர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த மாநிலச் சீரமைப்பில் அமைந்த இவ்வெல்லையின் இருபுறமும் மின்விநியோக நிறுவனங்கள் வெவ்வேறு. இடியும் மின்னலும் பொதுவானவை. பருவமழைக்கு முன் ஏப்ரல், மே மாதங்களிலும், பின்னர் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல்களில் இடிமழை பெய்வது இப்பகுதியின் இயல்பாகும்.

மத்திய மின்சார ஆணையத்தின் 2006ஆம் ஆண்டு விதிமுறைகள், நுகர்வோர் மீட்டர்கள் சுழல்தட்டு இல்லாத மின்னணு வகையினவாக இருத்தல் வேண்டும் என்கின்றன. அத்தகைய மீட்டரில் கணக்கிடும் பணியைச் செய்வது மைக்ரோகண்ட்ரோலர் போன்ற நுண்சில்லே. ஆதலின், இடையூறுகளை அச்சில்லு எந்த அளவு தாங்கும் என்பது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடும் வினா அன்று; எளிய குடும்பத்தின் மின்கட்டணத்தையும் பற்றியதாகும்.

இடையூறின் தன்மை

மின்னல் கம்பியின்மீது நேராக விழ வேண்டும் என்பதில்லை. அருகில் விழுந்தாலே கம்பியில் மிகை மின்னழுத்தம் தூண்டப்படும். தோட்டத்துப் பம்புசெட்டை நிறுத்தும்போதும் மின்சாரம் திடீரெனத் துண்டிக்கப்படுவதால் குறுகிய துடிப்புகள் எழுகின்றன. விளைவுகள் இருவகை. ஒன்று, சில்லு நிரந்தரமாகப் பழுதாதல். மற்றொன்று, வெளிப்பார்வைக்குப் புலப்படாதது: நினைவகத்தில் சுழி ஒன்றாக மாறலாம், நிரல் வழிதவறலாம். முன்பு 5 வோல்ட்டில் இயங்கிய சில்லுகள் இன்று 3.3 வோல்ட்டிலும் அதற்குக் குறைவாகவும் இயங்குவதால், பிழை தாங்கும் இடைவெளியும் சுருங்கியுள்ளது.

காப்பு முறைகள்

சில்லு மட்டும் தனித்துத் தன்னைக் காத்துக்கொள்ள இயலாது. மின்நுழைவாயிலில் மிகை அழுத்தத்தை ஈர்க்கும் வேரிஸ்டர், சில்லின் அருகே மின்தேக்கி, நிரல் நின்றுபோனால் மீண்டும் தொடக்கிவைக்கும் காவல் கடிகாரம், அளவீட்டை இரு இடங்களில் பதிந்து ஒப்பிடும் முறை ஆகிய நான்கும் இணைந்தே பாதுகாப்புத் தருகின்றன. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 61000-4 தரவரிசை, தொடுநிலை மின்னிறக்கத்திற்கு 8 கிலோவோல்ட் வரையும், மின்வழியில் வரும் விரைவுத் துடிப்புகளுக்கு 4 கிலோவோல்ட் வரையும் சோதனை நிலைகளை வகுத்துள்ளது. சென்னையிலுள்ள சமீர் நிறுவனத்தில் இத்தகைய சோதனைகளுக்கு வசதி உண்டு.

எனினும், சான்றிதழ் புதிய மாதிரி ஒன்றைப் பற்றியதே. ஒவ்வொரு மிகை அழுத்தத்தையும் ஏற்கும்போது வேரிஸ்டர் சிறிது சிறிதாகத் தேய்கிறது. எனவே, கொள்முதலில் விலையோடு தாங்குதிறன் அறிக்கையையும் ஒப்பிடுதல் வேண்டும். இடிமழைக் காலம் முடிந்தபின் சில மீட்டர்களைக் கழற்றி மறுசோதனை செய்தல் வேண்டும். ஐயமுறும் நுகர்வோர் தம் மீட்டரைச் சோதிக்கக் கோரும்போது, அதை விரைந்து நிறைவேற்றுவதே மின்னணு மீட்டரின்பால் நம்பிக்கையை வளர்க்கும்.