'கம்யூனிட்டி காலேஜா... அது பாலிடெக்னிக் மாதிரியா?' - அமெரிக்காவில் உதவித்தொகை கிடைக்காத வீட்டின் ஃபீஸ் கணக்கு!

"என்னடா, அவ்வளவு நல்லா படிக்கிற பொண்ணை ஏதோ பாலிடெக்னிக்ல சேர்த்திருக்கியாமே?"

தாம்பரத்திலிருந்து பேசும் அம்மா, கலிஃபோர்னியா மாநிலம் சான் ஹோசேயில் இருக்கும் மகனிடம் வாட்ஸ்அப் காலில் இப்படிக் கேட்டால் ஆச்சரியமில்லை. "பாலிடெக்னிக் இல்லம்மா, கம்யூனிட்டி காலேஜ். ரெண்டு வருஷம் இங்க, அப்புறம் யூனிவர்சிட்டிக்கு டிரான்ஸ்ஃபர்" என்று மகன் விளக்குவார். பணம்தான் காரணம் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். டாலரில் சம்பாதிப்பவருக்கு ஃபீஸ் கட்டக் கஷ்டமா என்று ஊரில் யார் நம்புவார்கள்?

ஆனால், கஷ்டம்தான். அமெரிக்காவில் அரசின் கல்வி உதவித்தொகை கேட்க 'ஃபாஃப்சா' என்ற விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். அதில் வரும் குறியீட்டு எண், படிப்பின் மொத்தச் செலவைவிட அதிகமாக இருந்தால் 'உங்களுக்குத் தேவை இல்லை' என்று அர்த்தம். கணவன், மனைவி இருவரும் ஐ.டி-யில் இருந்தால் பெரும்பாலும் இதுதான் கதி. சான் ஹோசே வாடகையை இந்தக் கணக்கு பார்ப்பதில்லை. ஊரில் அப்பாவின் மருந்துச் செலவுக்கு மாதாமாதம் அனுப்பும் பணத்தைக் கழிப்பதும் இல்லை. முன்பு வீட்டில் இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கல்லூரியில் படித்தால் பெற்றோரின் பங்கு இரண்டாகப் பிரிக்கப்படும். 2024-25 முதல் அந்தச் சலுகையும் போய்விட்டது.

முதல் இரண்டு வருடம் மலிவு... பிறகு?

கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில், மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட் 46 டாலர். டிரான்ஸ்ஃபருக்குத் தேவையான 60 யூனிட்டுக்கு 2,760 டாலர்தான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் (யு.சி.) கல்விக் கட்டணமே வருடத்துக்கு சுமார் 15,000 டாலர். விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் 40,000 டாலரைத் தாண்டும்.

ஆக, மிச்சம் பெரிது. ஆனால், அந்த மிச்சம் கையில் நிற்க வேண்டும். மலிவான இரண்டு வருடங்களில் கார் மாற்றி, ஊருக்கு இரண்டு டிரிப் அடித்துவிட்டு, மூன்றாம் வருட ஃபீஸ் வந்ததும் விழிப்பதுதான் பலருக்கு நடக்கிறது. பல்கலைக்கழகங்களின் மெரிட் ஸ்காலர்ஷிப்களும் பெரும்பாலும் முதல் வருடம் சேருபவர்களைக் குறிவைத்தே இருக்கின்றன. டிரான்ஸ்ஃபர் மாணவருக்கு மிஞ்சுவது குறைவு. 'ஃபை தீட்டா கப்பா' என்ற கம்யூனிட்டி காலேஜ் மாணவர் அமைப்பின் உறுப்பினர்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் தனி ஸ்காலர்ஷிப் வைத்திருக்கின்றன. அதையாவது விசாரிக்கலாம்.

இன்னொரு ஓட்டை, யூனிட். 2017-ல் வெளியான அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலக அறிக்கைப்படி, கல்லூரி மாறிய மாணவர்கள் படித்து வாங்கிய கிரெடிட்டில் சராசரியாக 43 சதவிகிதத்தை இழந்திருந்தார்கள். இழந்ததை மீண்டும் பல்கலைக்கழக ரேட்டில் படிக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் எந்தப் பாடம் எங்கே செல்லும் என்பதை 'அசிஸ்ட்' இணையதளத்தில் பார்க்கலாம். முதல் செமஸ்டருக்கு முன்பே பார்ப்பது நல்லது.

கடன் எவ்வளவு கிடைக்கும்?

வருமானம் எவ்வளவு இருந்தாலும் மாணவர் பெயரில் மத்திய அரசுக் கடன் உண்டு. மூன்றாம், நான்காம் வருடங்களில் தலா 7,500 டாலர். படிக்கும்போதே வட்டி ஏறும். பெற்றோர் பெயரில் வாங்கும் 'பிளஸ்' கடனுக்கு 2026 ஜூலை முதல் உச்சவரம்பு வந்திருக்கிறது. ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 டாலர்.

உண்மையில் செலவைக் குறைப்பது வீட்டுச் சாப்பாடுதான். வீட்டிலிருந்தே சான் ஹோசே ஸ்டேட் போய்வந்தால், 2025-26-ல் கல்விக் கட்டணம் 6,450 டாலர். வளாகக் கட்டணம் மட்டும் தனி. பெயருக்காக விடுதிக்குப் போவதா என்பதை மகளோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

'எப்படியும் கிடைக்காது' என்று ஃபாஃப்சாவையே நிரப்பாமல் விடுவது பெரிய தவறு. மேலே சொன்ன மாணவர் கடனுக்கும் அதுதான் வாசல். கலிஃபோர்னியாவின் 'மிடில் கிளாஸ் ஸ்காலர்ஷிப்' வருடத்துக்கு 2 லட்சம் டாலருக்குச் சற்று மேல் சம்பாதிக்கும் குடும்பம் வரை எட்டிப்பார்க்கிறது. ஃபாஃப்சா பார்ப்பது இரண்டு வருடம் முந்தைய வருமானத்தை. இடையில் லே-ஆஃப் ஆகியிருந்தால், அந்தக் கடிதத்தோடு கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் மறுபரிசீலனை கேட்கலாம்.

கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் ஹெச்-4 விசா பிள்ளைகளின் நிலைதான் இன்னும் சிக்கல். அவர்களுக்கு மத்திய அரசின் உதவித்தொகையும் இல்லை, கடனும் இல்லை. பகுதிநேர வேலைக்கும் அனுமதி இல்லை. 21 வயது முடிந்தால் அந்த விசாவும் செல்லாது. பெரும்பாலும் அந்தப் பிறந்தநாள் வருவது, யூனிவர்சிட்டிக்கு டிரான்ஸ்ஃபர் ஆன அதே மூன்றாம் வருடத்தில்!