பழைய கம்ப்யூட்டருக்கு எந்த வேலை?

2010 ஜூன் 11 அன்று, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஏம்ஸ் என்ற ஊரில் வசித்த ஒரு தம்பதியின் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு பல்சரைக் கண்டுபிடித்தது. அவர்களுக்கே அது தெரியாது. மூன்று நாள் கழித்து ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் இன்னொரு கம்ப்யூட்டர் அதே தரவை அலசி அதே விடையைச் சொன்னது. நொடிக்குச் சுமார் 41 முறை சுழலும் அந்த விண்மீன், அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியின் பதிவுகளுக்குள் ஒளிந்து கிடந்தது.

இப்படி வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு ஆய்வுக் கணக்குகளை அனுப்புகிறவர்கள், ஒரே வேலையை எதற்கு இரண்டு பேருக்குக் கொடுக்கிறார்கள்? யார் வீட்டுக் கம்ப்யூட்டர் எப்படிப்பட்டது என்று அனுப்புகிறவருக்குத் தெரியாது. அதனால் இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் ஏற்பார்கள். முரண்பட்டால் மூன்றாவது ஆளுக்குப் போகும். பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் முதலில் மனதில் வைக்கவேண்டிய விஷயம் இதுதான். மெதுவாக வரும் சரியான விடைக்கு முழு மதிப்பு உண்டு. தவறான விடையும் கெடு தாண்டி வரும் விடையும் மற்றவர்களுக்குக் கூடுதல் வேலை.

பெரிய கணக்கைத் துண்டு துண்டாக்கி, இணையம் வழியே ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அனுப்பும் இந்த முறையைப் பிரபலமாக்கியது, வேற்றுக்கிரகவாசிகளின் சிக்னலைத் தேடிய செட்டி அட் ஹோம். பெர்க்லியில் 1999 மே மாதம் தொடங்கிய அந்தத் திட்டம், 2020 மார்ச்சோடு புதிய வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது. அங்கே உருவான பாயிங்க் என்ற இலவச மென்பொருள்தான் இன்று பல திட்டங்களுக்கு வாசல்.

வீட்டில் இருப்பது பத்து வருஷப் பழசு, 4 ஜி.பி. ராம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது என்று வைத்துக்கொள்வோம். ஆக்ஸ்ஃபோர்டின் பருவநிலைக் கணிப்புத் திட்டம் இதற்கு ஒத்துவராது. ஒரு வேலையே நாள்கணக்கில், சிலசமயம் வாரக்கணக்கில் இழுக்கும், மெமரியும் நிறைய கேட்கும். செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் அட்லாஸ் சோதனைக்கான வேலைக்கும் மெமரி போதாது. புரதங்களின் மடிப்பை ஆராயும் ஃபோல்டிங் அட் ஹோம் கிராபிக்ஸ் கார்டு உள்ளவர்களுக்கே ஏற்றது.

ஏம்ஸ் தம்பதி சேர்ந்திருந்த ஐன்ஸ்டைன் அட் ஹோம் திட்டத்தையே நான் முதலில் சொல்வேன். அதில் ஈர்ப்பலைத் தேடலை விட்டுவிட்டு, பல்சர் தேடலை மட்டும் டிக் செய்துகொள்ளலாம். பொதுவாக இரண்டு வாரம் கெடு. தினம் நாலு மணி நேரம் கம்ப்யூட்டர் ஓடினாலே 56 மணி நேரம் கிடைத்துவிடும். செய்த வரைக்கும் அவ்வப்போது சேமித்துக்கொள்வதால், நடுவில் கரன்ட் போனாலும் முழுதும் வீணாகாது.

கணக்குப் பிரியர்களுக்கு, பெரிய பகா எண்களைத் தேடும், 1996-ல் தொடங்கிய கிம்ப்ஸ் திட்டம் இருக்கிறது. 2024-ல் அது கண்டுபிடித்த பகா எண்ணில் 4,10,24,320 இலக்கங்கள். வாடகைக்கு எடுத்த சக்திவாய்ந்த கிராபிக்ஸ் சிப்கள் சாதித்த வேலை அது. அந்தப் பந்தயத்தில் நம் பழைய டெஸ்க்டாப் இறங்கத் தேவையில்லை. அதே திட்டத்தில், சிறிய மெர்சென் எண்களுக்குக் (இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்த எண்கள்) காரணி தேடும் வேலையும் உண்டு. அதற்கு மெமரி அதிகம் வேண்டாம்.

எதில் சேர்ந்தாலும் முதலில் மூடியைத் திறந்து, ஃபேனில் அடைந்திருக்கும் தூசியைத் தட்டுங்கள். சூடேறிய பிராசஸர் சத்தமில்லாமல் தப்புக் கணக்குப் போடக்கூடும். கிம்ப்ஸின் பிரைம்95 மென்பொருளில் ஒரு சோதனை இருக்கிறது: விடை தெரிந்த கணக்குகளைக் கொடுத்துப் பிராசஸரை வாட்டி எடுக்கும். 2016-ல் இன்டெலின் புத்தம்புதிய ஸ்கைலேக் சிப்பில் இருந்த கோளாறே இந்த மென்பொருளை ஓட்டியபோதுதான் அம்பலமானது. சில மணி நேரச் சோதனையில் பிழை காட்டினால் உங்கள் கம்ப்யூட்டரை இந்த வேலைக்கு விடவேண்டாம்.

கரன்ட் பில்லையும் பார்க்கவேண்டும். இந்த வேலையால் 70 வாட் கூடுதலாகச் செலவாகிறது என்று வையுங்கள். இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 100 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டும் அதற்கே சரியாகிவிடும். அதே கணக்கைப் புதிய பிராசஸர் மிகக் குறைந்த மின்சாரத்தில் முடித்துவிடும் என்பதையும் மறக்கக்கூடாது.

ஆகவே, பாட்டு கேட்கவோ கடிதம் டைப் அடிக்கவோ எப்படியும் ஆன் ஆகியிருக்கும் கம்ப்யூட்டர் என்றால் தாராளமாகச் சேருங்கள். பாயிங்க் செட்டிங்கில் பிராசஸரில் பாதியை மட்டும் கொடுங்கள். இதற்காகவே ராத்திரி முழுக்க ஓடவிடுவதாக இருந்தால், அணைத்துவிட்டுப் படுப்பதே மேல்.