காமாலை: நிறம் ஒன்று, காரணங்கள் பல

கீழாநெல்லி கொடுத்துச் சில வாரங்கள் காத்திருந்துவிட்டு, காமாலை முற்றிய நிலையில் வருவோரை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். காமாலை நோயன்று, நோயின் அறிகுறி. இரத்தத்தில் பிலிரூபின் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 3 மில்லிகிராமை எட்டும்போது கண்வெள்ளை மஞ்சளாகத் தோன்றும்.

ஹெபடைடிஸ் ஏ வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே தணியும். அதனால் மூலிகையே குணமாக்கியதாகத் தோன்றுகிறது. ஆனால் கல்லோ கட்டியோ பித்தநாளத்தை அடைத்தால் பித்தநீர் குடலை அடையாது. மலம் களிமண் நிறமாக வெளிறும், சிறுநீர் கருமஞ்சளாகும், உடல் அரிக்கும். இவ்வடைப்பை எந்த மூலிகையும் நீக்காது. வலியின்றி நாளுக்கு நாள் கூடும் காமாலையுடன் உடல் எடையும் குறைந்தால், கணையப் புற்றுநோய் உள்ளதா என ஆராய்வோம். அங்கு இழக்கும் ஒவ்வொரு வாரமும் அறுவை சிகிச்சைக்கான வாய்ப்பைக் குறைக்கக்கூடும்.

கல்லீரல் செயல்பாட்டு இரத்தப் பரிசோதனையும் வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் முதற்படி. பித்தநாளம் விரிந்திருந்தால் சி.டி. அல்லது எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் தேவைப்படும்.

மலம், சிறுநீரின் நிறத்தையும், உட்கொண்ட எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, தயங்காமல் கூறுங்கள். காமாலையுடன் குளிர்நடுக்கக் காய்ச்சல், மனக்குழப்பம், இரத்த வாந்தி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.