மலைநாட்டுத் திருகைப் பாட்டு

போபோடியில் வாழும் நண்பர்களுக்கு லோணாவளாப் பாதை புதிதன்று. மழைக்காலத்தில் அருவி காணச் செல்கிறோம். மலைக்கோட்டைகளில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். அம்மலைகளின் மடியில், மாவள், முள்ஷி வட்டாரங்களில், ஒரு பெரும் பாட்டுச் செல்வம் இருப்பதை நான் அண்மையில்தான் அறிந்தேன்.

அதன் பெயர் ஓவி. பெண்கள் விடியுமுன் எழுந்து, திருகையில் தானியம் அரைக்கும்போது பாடுவது. பெரும்பாலும் இரண்டடிதான். கல் சுழலும் வேகமே தாளம். வீடு உறங்கும் வேளை அல்லவா? மாமியார் கொடுமை, தாய்வீட்டு ஏக்கம், உடன்பிறந்தான் பாசம், பண்டரிபுரத்து விட்டோபா, அம்பேத்கர் எல்லாம் அதில் வரும். இராமகதையும் உண்டு, ஆனால் காட்டுக்கு விரட்டப்பட்ட சீதையின் துயரமே அங்கே பெரிது.

மாவு மில் வந்தது. தோள்வலி தீர்ந்தது, நல்லதே. பாட்டும் நின்றது.

பிரான்சில் பிறந்து இந்தியக் குடிமகனான கீ புவாத்வான், ஹேமா ராய்ர்கர் ஆகிய இருவரும் 1980களில் இதைக் கவனித்தனர். மலைவாழ் ஏழைகளின் சங்கமான 'கரீப் டோங்கரி சங்கட்டனா'வைச் சேர்ந்த பெண்களே பாட்டுகளைத் திரட்டினர். என் மனத்தைத் தொட்டது இதுதான். குறிப்பேட்டுடன் வந்த அயலாரிடம் திறக்காத வாய், உடன் களை பறித்தவளிடம் திறக்கும். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களிலிருந்து ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட பாட்டுகள் சேர்ந்தன. 1990களில் கணிப்பொறி இசையாய்வாளர் பெர்னார் பெல் துணையுடன் குரல்களும் ஒலிநாடாவில் பதிவாயின. புவாத்வான் 2004இலும், ராய்ர்கர் 2010இலும் மறைந்தனர். 2017 முதல் சாய்நாத் நிறுவிய 'பாரி' என்னும் ஊரக ஆவணகம் அவற்றை வெளியிடத் தொடங்கியது. மலைநாட்டு வள்ளலின் பெயர் ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில் தற்செயலாக அமைந்ததுதான், எனினும் பொருத்தம்!

பௌதிகம் பயிலும் எனக்கு எழுத்தைவிட ஒலிநாடாவே பெரிதாகத் தோன்றுகிறது. தாளில் ஒன்றாய்க் கிடக்கும் பாட்டு, பாடுகிறவர் மாறினால் மெட்டு மாறுகிறது. எழுத்து அதைப் பிடிக்காது.

சென்ற மாதம் என் பாட்டியைப் பாடச் சொல்லிக் கைபேசியில் பதிந்தேன். வட ஆர்க்காட்டுச் சிற்றூரில் ஏந்திரம் சுற்றி வளர்ந்தவர். பதினொரு பாட்டு தடையின்றி வந்தது. பன்னிரண்டாவது பாதியில் நின்றுவிட்டது. "கல்லு சுத்தினாத்தான்டா அடுத்த அடி வரும்" என்றார்.

காசர்வாடிப் பக்கம் பழைய கல் விற்பவர் ஒருவர் இருக்கிறாராம். இந்த ஞாயிறு போய்ப் பார்க்கப் போகிறேன்.