பைக் பிராண்டு சண்டையில காசு யாருக்குப் போகுது? ஒரு ஒரகடம் கணக்கு



ஒரகடம் ஜங்ஷன் பக்கம் ஷிஃப்ட் முடியிற நேரத்துல ஒரு டீக்கடையில நின்னு பாருங்க. ஒரு பக்கம் புல்லட்டும் கிளாசிக்கும், இன்னொரு பக்கம் எம்டி-யும் ஆர்15-உம், நடுவுல பல்சர், அப்பாச்சி. டீ ஆறுறதுக்குள்ள சண்டை ஆரம்பிச்சிடும். "உன் வண்டி வெறும் வெயிட்டுடா", "உன் வண்டி வெறும் பிளாஸ்டிக்டா". யாரும் யாரையும் மாத்த முடியாது. நாளைக்கும் அதே சண்டை, அதே டீ.

ஜாலியான விஷயம்தான். ஆனா போன வருஷம் ஒரு தம்பி என் ஆபீஸுக்கு ஒரு ஃபைலோட வந்தார். அன்னையிலேர்ந்து இந்தச் சண்டையை நான் வேற மாதிரி பார்க்கிறேன்.

தாம்பரத்துல ரூம் எடுத்துத் தங்கி, ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில கான்ட்ராக்ட் வேலை. கையில வர்ற சம்பளம் ₹24,000. ரூம்ல இருக்கிற நாலு பேரும் ஒரே பிராண்டு, அதனால இவரும் அதே பிராண்டுல 350 சிசி வண்டி எடுத்தார். 36 மாச லோன். பதினொண்ணாவது தவணை கட்டினதும் கான்ட்ராக்ட் முடிஞ்சது, நீட்டிக்கல. ரெண்டு தவணை தவறினதும் வீட்டுக்குப் போன் வர ஆரம்பிச்சது. என்கிட்ட அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "சார், கிட்டத்தட்ட 70,000 கட்டிட்டேன். இன்னும் 1,34,000 பாக்கின்னு சொல்றாங்க. எப்படி சார்?"

அந்த "எப்படி"க்கான பதில்தான் இந்தப் பதிவு.

ரோட்டுல ஒரு விஷயத்தைக் கவனிச்சீங்களா?

ராயல் என்ஃபீல்டு இந்தியாவுல 1955-ல சென்னை திருவொற்றியூர்ல ஆரம்பிச்ச கம்பெனி. 2013-ல ஒரகடத்துல உற்பத்தி ஆரம்பிச்சது, 2017-ல வல்லம் வடகால்ல இன்னொரு ஆலை. யமஹாவோட சென்னை ஆலையும் அதே வல்லம் வடகால் சிப்காட்லதான், 2015-லேர்ந்து இருக்கு. நாம டீக்கடையில எதிரெதிரா உட்கார்ந்து சண்டை போடுறோம். கம்பெனிகள் ஒரே சிப்காட்ல பக்கத்துப் பக்கத்துல இருக்காங்க.

உதிரி பாகங்களும் அப்படித்தான். பைபிரே பிரேக் கேடிஎம்-லயும் இருக்கு, ராயல் என்ஃபீல்டு 650-லயும் இருக்கு. டயர், ஏபிஎஸ், பேட்டரி எல்லாம் பல பிராண்டுக்கும் பொதுவான சப்ளையர்கள்கிட்ட இருந்து வர்றதுதான். இந்த ஏரியாவுல வேலை செய்றவங்களுக்கு இது நல்லாவே தெரியும்.

சண்டையைக் கம்பெனிகளும் பயன்படுத்திக்கிறாங்க. 2017-ல பஜாஜ் டாமினார் விளம்பரம் ஞாபகம் இருக்கா? ஹெல்மெட் போட்டுக்கிட்டு யானை மேல ஊர்வலம் போறவங்களைக் காட்டி, யானையைக் கட்டித் தீனி போடுறதை விடுங்கன்னு கிண்டல் பண்ணினாங்க. புல்லட் ரசிகர்களுக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்தது. என்ன ஆச்சு? யானை பாட்டுக்கு நடந்தது. 2024-25 நிதியாண்டுல ராயல் என்ஃபீல்டு விற்பனை முதல் தடவையா 10 லட்சத்தைத் தாண்டுச்சு. பஜாஜ் 2023 ஜூலையில டிரையம்ஃப் ஸ்பீடு 400-ஓட வந்தது. ரெண்டு கம்பெனியும் நல்லாத்தான் இருக்கு. தவணை கட்டுறது நாம.

இப்போ கணக்குக்கு வருவோம்

பிராண்டு பேரே வேண்டாம். ரெண்டு வண்டி வெச்சுக்கலாம்.

வண்டி அ: எக்ஸ்-ஷோரூம் ₹1,00,000, 125 சிசி, லிட்டருக்கு 50 கி.மீ.
வண்டி ஆ: எக்ஸ்-ஷோரூம் ₹2,00,000, 350 சிசி, லிட்டருக்கு 35 கி.மீ.

தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல இருந்து புது பைக்குக்கு ஆயுள் வரி, விலை ஒரு லட்சம் வரைக்கும் 10%, அதுக்கு மேல 12%. அப்போ அ-வுக்கு ₹10,000, ஆ-வுக்கு ₹24,000. அஞ்சு வருஷ தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ், 18% ஜி.எஸ்.டி. சேர்த்து அ-வுக்கு சுமார் ₹4,550, ஆ-வுக்கு சுமார் ₹8,700. சொந்த வண்டி சேதத்துக்கான பாலிசி, மத்த சின்னச் செலவெல்லாம் போட்டா ஆன்-ரோடு அ ₹1,18,000, ஆ ₹2,40,000-னு வெச்சுக்கலாம்.

ரெண்டுக்கும் கையிலிருந்து ₹60,000 கட்டுறோம். மீதி லோன், 9% ஃபிளாட், 36 மாசம்.

அ: லோன் ₹58,000, தவணை ₹2,046
ஆ: லோன் ₹1,80,000, தவணை ₹6,350

தாம்பரத்துல இருந்து படப்பை வழியா ஒரகடம் போக வர சுமார் 50 கி.மீ. மாசம் 25 நாள், 1,250 கி.மீ. பெட்ரோல் லிட்டர் ₹100-னு எடுத்தா அ-வுக்கு ₹2,500, ஆ-வுக்கு ₹3,570.

தவணையும் பெட்ரோலும் சேர்த்தா மாசம் அ ₹4,546, ஆ ₹9,920. ₹24,000 சம்பளத்துல முதலாவது 19%, ரெண்டாவது 41%. ரூம் வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புறது எல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

"ரீசேல் இருக்குல்ல சார்?" கரெக்ட், அதையும் சேர்ப்போம். அஞ்சு வருஷம் கழிச்சு ரெண்டும் எக்ஸ்-ஷோரூம் விலையில பாதிக்குப் போகுதுன்னு வெச்சுக்கலாம். மொத்தமா கட்டினது, அஞ்சு வருஷ பெட்ரோல், அதுல ரீசேல் போக நிகர செலவு: அ ₹2,33,660, ஆ ₹4,02,800. வித்தியாசம் சுமார் ₹1.69 லட்சம். ஆ-வுக்கு பிராண்டு மவுசால 60% விலை கிடைச்சாலும் வித்தியாசம் ₹1.49 லட்சம். சர்வீஸ், டயர், ஆக்சஸரிஸ் எதையும் நான் இதுல சேர்க்கவே இல்லை.

இந்தத் தொகையை வேற மாதிரியும் பார்க்கலாம். மாச வித்தியாசம் ₹5,374. லோன் ஓடுற 36 மாசத்துக்கு ₹1,93,464. அந்தத் தம்பியோட எட்டு மாசச் சம்பளம்! கான்ட்ராக்ட் முடிஞ்ச அன்னைக்கு அதுல மூணு மாசச் சம்பளம் பேங்க்ல இருந்திருந்தாலே அவர் என் ஆபீஸுக்கு வந்திருக்க மாட்டார்.

70,000 கட்டியும் ஏன் 1,34,000 பாக்கி?

9% ஃபிளாட்னா, முதல் நாள் வாங்கின முழு ₹1,80,000-க்கும் மூணு வருஷமும் வட்டி. நீங்க மாசாமாசம் அசலை அடைச்சிட்டு வர்றீங்க, ஆனா வட்டி குறையாது. 1,80,000 × 9% × 3 = ₹48,600. இதைக் குறையும் அசல் மேல போடுற வட்டியா மாத்தினா சுமார் 16.2% வருது. பேச்சுல 9, உண்மையில 16.

அதுலயும் ஆரம்ப மாசங்கள்ல தவணையில பெரிய பங்கு வட்டிக்குத்தான் போகும். தம்பி 11 மாசத்துல கட்டினது ₹69,850. அதுல அசல் குறைஞ்சது சுமார் ₹46,000 மட்டும். பாக்கி சுமார் ₹1,34,000. யாரும் ஏமாத்தல, கணக்கு அப்படி. ஆனா ஷோரூம்ல "மாசம் வெறும் 6,350 சார்"னு சொன்னப்போ இதை யாரும் அவருக்கு விளக்கலை.

நீங்க செய்ய வேண்டியது சிம்பிள். ரிசர்வ் வங்கி விதிப்படி 2024 அக்டோபர்ல இருந்து ரீடெய்ல் லோனுக்கு "கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்" கொடுக்கணும். அதுல ஏ.பி.ஆர்.னு ஒரு சதவீதம் இருக்கும். பிராசஸிங் ஃபீஸ் எல்லாம் சேர்ந்த உண்மையான வட்டி அதுதான். கையெழுத்துக்கு முன்னாடி அந்த ஒரு எண்ணையும், முன்கூட்டி லோனை அடைச்சா சார்ஜ் எவ்வளவுன்னும் பாருங்க. ரெண்டு இடத்துல கேட்டு ஒப்பிடுங்க. வண்டியில பிராண்டு பார்க்கலாம், லோன்ல ஏ.பி.ஆர். மட்டும் பாருங்க.

350-னு ஒரு கோடு

"350 பெருசா, 400 பெருசா"ன்னு சண்டை போடுறவங்க இதையும் தெரிஞ்சுக்கணும். 2025 செப்டம்பர் 22-ல இருந்து 350 சிசி வரைக்குமான பைக்குக்கு ஜி.எஸ்.டி. 28%-ல இருந்து 18% ஆச்சு. அதுக்கு மேல போனா 40%. வரிக்கு முன்னாடி விலை ₹1,50,000-னா முதலாவதுக்கு வரி ₹27,000, ரெண்டாவதுக்கு ₹60,000. தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸும் 350-ல தான் எகிறுது. அஞ்சு வருஷத்துக்கு, ஜி.எஸ்.டி. இல்லாம, ₹7,365-ல இருந்து ₹15,117.

கிளாசிக் 350-யோட இன்ஜின் 349 சிசி. அந்த ஒரு சிசி-யோட அருமை இப்போ புரியுதா?

இன்னொண்ணு. "ஆபீஸ் போகத்தானே வண்டி, வருமான வரியில கழிக்கலாமா?"ன்னு நிறைய பேர் கேக்கறீங்க. சம்பளக்காரங்களுக்கு பெட்ரோல் பைக் லோன் வட்டிக்குக் கழிவு கிடையாது. தேய்மானம் போடுறதும் தொழில் பண்றவங்களுக்குத்தான். நீங்க கட்டுறது முழுக்க வரி போக மிச்சமான காசு.

"புல்லட் வாங்கினதுக்கு ஷேர் வாங்கியிருந்தா…"

இந்த ஃபார்வர்டு உங்களுக்கும் வந்திருக்கும். 2001-ல புல்லட் விலைக்கு ஐஷர் ஷேர் வாங்கியிருந்தா இன்னைக்குக் கோடீஸ்வரன்னு. கணக்கு தப்பில்லை, பாடம் தப்பு. 2000 வாக்குல ராயல் என்ஃபீல்டை மூடிடலாமா, வித்துடலாமான்னு ஐஷரே யோசிச்ச காலம் அது. அன்னைக்கு யாருக்கும் முடிவு தெரியாது. ஜாவா, யெஸ்டி தயாரிச்ச மைசூர் ஐடியல் ஜாவாவுக்கு ரசிகர்கள் குறைச்சலா? 1996-ல ஆலையை மூடிட்டாங்க. ரசிகர் கூட்டம் வேற, லாபம் வேற. நீங்க பைக் கம்பெனியிலயே வேலை பார்க்கிறீங்கன்னா இன்னும் கவனம். சம்பளம், ஷேர், லோன் போட்ட வண்டி மூணும் ஒரே பேர்ல இருந்தா, அந்தப் பேருக்கு ஒண்ணு ஆச்சுன்னா மூணும் சேர்ந்து அடி வாங்கும்.

அப்போ பிராண்டு பாசம் தப்பா?

தப்பே இல்லை. எங்க அப்பா 1991-ல வாங்கின ஆர்எக்ஸ் 100-ஐ 19 வருஷம் ஓட்டினார். ஒரே மெக்கானிக், ஒரே வண்டி. யமஹாவோட எந்தப் புது மாடலையும் அவர் திரும்பிக்கூடப் பார்க்கல. மைசூர் ஆலை மூடி இத்தனை வருஷம் கழிச்சும் ஜூலை ரெண்டாவது ஞாயிறு ஜாவா டேன்னு பழைய வண்டிகளோட கிளம்புறாங்க. அவங்களுக்குப் புது வண்டி விக்க ரொம்ப காலம் கம்பெனியே இல்லை.

ரெண்டு வகைப் பாசம் இருக்கு. உங்க வண்டி மேல இருக்கிற பாசம் காசை மிச்சப்படுத்தும். பிராண்டு மேல இருக்கிற பாசம் அடுத்த மாடல், எக்ஸ்சேஞ்ச் ஆஃபர், ஜாக்கெட், சைலன்ஸர்னு காசைக் கேட்டுக்கிட்டே இருக்கும்.

இன்சூரன்ஸ்ல ஐ.டி.வி. போடுற அட்டவணையைப் பாருங்க. ஒரு வருஷத்துக்குள்ளயே 15% தேய்மானம், நாலுல இருந்து அஞ்சு வருஷத்துல 50%. எல்லா பிராண்டுக்கும் ஒரே அட்டவணை. மூணு வருஷத்துக்கு ஒருதடவை வண்டி மாத்துறவர், மதிப்பு வேகமா இறங்குற வருஷங்களுக்கு மட்டும் திரும்பத் திரும்பக் காசு கொடுக்கிறார்.

வாங்குறதுக்கு முன்னாடி நாலு கேள்வி

1. தவணையும் பெட்ரோலும் கையில வர்ற சம்பளத்துல 20-25%-க்குள்ள இருக்கா? கம்பெனி பஸ் இருந்தா பெட்ரோல் கணக்கே மாறும், அதையும் பாருங்க.
2. வேலை கான்ட்ராக்ட்டா, டிரெயினியா? அப்போ லோன் காலம் வேலைக் காலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினா ஆறு தவணைக்கான காசு தனியா இருக்கணும்.
3. ரூம்ல யாருமே பைக் வெச்சுக்கலைன்னாலும் இதே வண்டியைத்தான் எடுப்பீங்களா?
4. பக்கத்துல நல்ல சர்வீஸ், நம்பகமான மெக்கானிக் இருக்கா? பிராண்டுல காசு கொடுக்கத் தகுந்த விஷயம் இதுதான்.

ஏற்கெனவே பெரிய வண்டி எடுத்தாச்சா? வருத்தப்படாதீங்க. லோன் முடியட்டும். முடிஞ்ச அடுத்த மாசத்துல இருந்து அதே ₹6,350-ஐ ஆர்.டி.யில உங்களுக்கே கட்டுங்க. வண்டியை மாத்தாம ரெண்டு வருஷம் ஓட்டினா ₹1,52,400, வட்டி தனி.

அந்தத் தம்பி என்ன ஆனார்னு கேப்பீங்க. வண்டியை அவங்க எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி, லோன் கம்பெனிகிட்டப் பேசி, வெளியில அவரே நல்ல விலைக்கு வித்து லோனை முடிச்சார். கைக்கு மிஞ்சினது கொஞ்சம்தான், ஆனா கடன் தீர்ந்தது. இப்போ வேற இடத்துல வேலை, ஒரு பழைய 110 சிசி வண்டி. அதுவும் வேற பிராண்டு. ரூம்ல தினமும் கலாய்க்கிறாங்களாம். "பரவாயில்லை சார், வீட்டுக்குப் போன் வர்றதில்லை"ன்னார்.

உங்க சம்பளம், தவணை, பெட்ரோல் மூணையும் இன்னைக்கே ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. எத்தனை சதவீதம் வருதுன்னு கமென்ட்ல சொல்லுங்க, அடுத்த வீடியோவுல பேசுவோம். எந்த பிராண்டுன்னு மட்டும் எழுத வேண்டாம், ப்ளீஸ்!